868 சிசி1101 மாட்யூல் 5 வாங்குனேன், 2 போர்டுல கிளாக்கே ஸ்டார்ட் ஆகல

மாடி டேங்க்ல தண்ணி எவ்ளோ இருக்குனு கீழ மோட்டார் ரூமுக்கு அனுப்பறதுக்காக இந்த பச்சை கலர் சிசி1101 ரேடியோ மாட்யூல் (வயர் இல்லாம டேட்டா அனுப்பற சிப் வச்ச போர்டு) 5 வாங்குனேன், ஒன்னு 200 ரூபா சொச்சம். 868னு போட்டு விக்கறதுதான், இந்தியால லைசென்ஸ் இல்லாம ஓட்டக்கூடிய 865-868 மெகாஹெர்ட்ஸ்க்கு செட் பண்ணிக்கலாம். 3 போர்டு பவர் குடுத்ததும் ஓடுச்சு, அதுல ஒரு குறையும் இல்ல. மீதி 2 போர்டுக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை போச்சு.

பிரச்சனை என்னன்னா ப்ரோகிராம் கோடு அப்படியே தொங்கிடும், எரர் கூட வராது. சிப்ப கூப்பிடற சிப் செலக்ட் லைன லோ பண்ணுனா, சிப் பதில் அனுப்பற மிசோ லைன் லோ ஆகணும், கிளாக் குடுக்கற கிறிஸ்டல் ஓட ஆரம்பிச்சு செட்டில் ஆயிடுச்சுனு சிப் சொல்ற அடையாளமே அதான், டேட்டாஷீட்ல ஸ்டார்ட்அப்புக்கு 150 மைக்ரோசெகண்ட்னு போட்டிருக்கு. நிறைய லைப்ரரில இதுக்கு டைம்அவுட்டே வைக்காம சும்மா காத்திருக்கற லூப்தான் இருக்கு, அதனால கிளாக் வரலன்னா எல்லாரும் வயரிங்கயும் கோடையும் போட்டு குடைஞ்சிட்டு இருப்போம், நானும் முதல் நாள் பூரா அதான் பண்ணேன்.

டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இந்த சிப்புல பண்ணி வச்சிருக்கற ஒரு வேலைய மனசார பாராட்டணும். பவர் குடுத்து ரீசெட் முடிஞ்சதும், ஒரு வரி கோடு இல்லாமலே, ஜிடிஓ0 பின்ல கிறிஸ்டல் கிளாக்க 192ஆல வகுத்து வெளிய விடும். 26 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல்னா 135.417 கிலோஹெர்ட்ஸ். சிப் செலக்ட்ட 3.3 வோல்ட்ல கட்டிட்டு ஜிடிஓ0ல லாஜிக் அனலைசர் மாட்டி பாத்தா போதும். நல்ல போர்டுல சதுர அலை ஜம்முனு வந்துச்சு, கெட்டதுல ஒன்னு நேர்கோடு போட்ட மாதிரி செத்து கிடந்துச்சு, இன்னொன்னு 10 தடவை ஆன் பண்ணா 3 தடவைதான் எழுந்திருச்சு. ஸ்கோப் இருக்குனு நேரா கிறிஸ்டல் கால்ல ப்ரோப வைக்காதீங்க ப்ளீஸ், ப்ரோபோட கெபாசிட்டன்ஸே ஓடிட்டு இருக்கற ஆசிலேட்டர நிறுத்திடும்.

செத்து கிடந்த போர்டுல சிப்போட 5வது கால்ல 1.8 வோல்ட் சரியா இருந்துச்சு, அப்போ உள்ள ரெகுலேட்டர் ஓகே. லென்ஸ் வச்சு பாத்தா கிறிஸ்டலுக்கு கீழ ஒரு பக்கம் ஈயம் ஒட்டவே இல்ல, சுத்தி ஃப்ளக்ஸ் வேற. ஐசோப்ரொபைல் போட்டு கழுவிட்டு ஹாட் ஏர்ல மறுபடி உக்கார வச்சேன், உடனே வந்துச்சு, வெர்ஷன் ரெஜிஸ்டர்ல ஹெக்ஸ் 14னு படிச்சப்போ அவ்ளோ சந்தோஷம்.

ரெண்டாவதுதான் மோசம். எழுந்திருச்ச நேரத்துல ஒரு செகண்டுக்கு எத்தனை பல்ஸ்னு எண்ணி பாத்தா நல்ல போர்டை விட 14 ஹெர்ட்ஸ் கம்மி. 14 தானேனு தோணும், ஆனா அது 100 பிபிஎம்க்கு (பத்து லட்சத்துல 100 பங்கு) மேல, 866 மெகாஹெர்ட்ஸ்ல கிட்டத்தட்ட 90 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிக்கும், ரிசீவர்ல 58 கிலோஹெர்ட்ஸ் அகல ஃபில்டர் வச்சிருந்தா ரிசீவருக்கு பாக்கெட்டே தெரியாது. கிறிஸ்டலோட லோட் கெபாசிட்டர் ரெண்டையும் கழட்டி ஃப்ரெண்டோட எல்சிஆர் மீட்டர்ல (கெபாசிட்டர் அளக்கற மீட்டர்) வச்சா 33 பிகோஃபாரட், நல்ல போர்டுல இருந்தது 15. டேட்டாஷீட் டேபிள்படி 10 பிகோ லோட் கிறிஸ்டலுக்கு 15, 16 பிகோ கிறிஸ்டலுக்குத்தான் 27. கெபாசிட்டர் ஏறுனா ஃப்ரீக்வென்சி இறங்கும், ஸ்டார்ட் ஆகறதுக்கான மார்ஜினும் குறையும், ரெண்டுமே நடந்திருக்கு. 15 போட்டதும் 10க்கு 10.

கடைக்காரர்கிட்ட சொன்னா ஹெடர் (வயர் மாட்டற பின் வரிசை) சால்டர் பண்ணிட்டீங்க, ரிட்டர்ன் இல்லனுட்டாரு, அதுல எனக்கு வருத்தம்தான், பவர் குடுக்காம எப்படி செக் பண்றது?

சிப்புக்கு 5க்கு 5 குடுப்பேன், இந்த போர்டு அசெம்பிளிக்கு 2 தான். ஹாட் ஏர் இல்லாதவங்க ரெண்டு எக்ஸ்ட்ரா சேத்து வாங்குங்க, ஹெடர் வைக்கறதுக்கு முன்னாடியே ஸ்ப்ரிங் பின்ல பவர் குடுத்து ஜிடிஓ0ல 135 கிலோஹெர்ட்ஸ் வருதானு பாத்துடுங்க. என்னோட 5ம் இப்போ ஓடுது, 33 போட்டு வந்த அந்த போர்டுதான் மாடில இருக்கு.