பாட்டியா, கைப்பேசியா, காகிதமா: பினாங்கில் புற்றுக்காளானை அடையாளம் காணும் வழிகள்

பினாங்கில் ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் மழை பிடித்துக்கொண்டால், கூடவே வாட்ஸ்அப் குழுக்களில் காளான் படங்களும் முளைக்கத் தொடங்கிவிடும். தண்ணீர்மலைச் சரிவு, ஆயர் ஈத்தாம் அணைக்கு ஏறும் பாதை, பாலிக் புலாவில் யாரோ ஒருவருடைய டுரியான் தோட்டம் என்று இடம் மாறும், படம் மாறாது. மேலிருந்து எடுத்த ஒரு வெளிர்க் குடை. அதன் கீழே ஒரு கேள்வி: "புற்றுக்காளான்தானே? சமைக்கலாமா?" சற்று நேரத்தில் ஒருவர் தம் பாட்டியின் அனுபவத்தைச் சொல்வார். இன்னொருவர் கைப்பேசிச் செயலி தந்த பெயரை ஒட்டுவார். மூன்றாமவர் வெள்ளிக்கரண்டியைப் போட்டுப் பார்க்கச் சொல்வார்.

மூன்றாமவரை இப்போதே அனுப்பிவைத்துவிடலாம். கரண்டி கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா, மஞ்சள் தண்ணீர் என்ன ஆகிறது, புழு தின்றிருக்கிறதா என்ற சோதனைகள் எதற்கும் காளானின் நஞ்சோடு தொடர்பே கிடையாது. அமானிட்டா என்ற காளான் பேரினத்தின் கொடிய இனங்களில் உள்ள நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது, கரண்டியையும் கறுக்கவைக்காது. அந்தக் காளானைப் புழுவும் நத்தையும் நிம்மதியாகத் தின்றுவிட்டுப் போகும்.

மற்ற வழிகளை ஒப்பிடுவதற்கு முன் யாரிடமிருந்து யாரைப் பிரிக்கப் பார்க்கிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

நமக்கு வேண்டியது புற்றுக்காளான். மலாய்க்காரர்கள் செண்டாவான் பூசுட் என்பார்கள். இதற்கு டெர்மிட்டோமைசிஸ் என்ற பேரினப் பெயரை 1942இல் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹெய்ம் வைத்தார். கறையான்கள் தின்று கழித்த இலையையும் மரத்தூளையும் மண்ணுக்கடியில் பஞ்சுபோன்ற தட்டுகளாக அடுக்கி, அதன்மேல் இந்தப் பூஞ்சையைப் பயிர்செய்து உண்கின்றன. மழைக்குப்பின் அந்தத் தோட்டத்திலிருந்து நீண்ட தண்டோடு மண்ணைத் துளைத்து மேலே வருவதுதான் நாம் பறிக்கும் குடை. மனிதர்கள் இதை வணிக அளவில் வளர்க்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. சந்தையில் இது வரும்போது விலை ஏறி நிற்பதன் காரணம் அதுதான். ஹெய்மின் பெயரையே தாங்கிய ஹெய்மி என்ற இனம் 1979இல் தென்னிந்தியாவிலிருந்து முறைப்படி விவரிக்கப்பட்டது. அது மலேசியாவிலும் முளைக்கிறது. தமிழ்நாட்டில் பறித்துப் பழகிய கண்ணுக்கு இந்த மண்ணிலும் வேலை இருந்திருக்கும்.

எதிர்த்தரப்பில் இருவர். ஒருவர் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். புல்வெளியிலும் பூங்காவிலும் வட்டமாக முளைக்கும் பெரிய வெள்ளைக் குடை, நடுவில் பழுப்புச் செதில். தின்ற ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் பேதியும் வரும். பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள், ஆனால் மருத்துவமனையில் சில நாள் படுக்க நேரலாம். இன்னொருவர் வெள்ளை அமானிட்டா. இதன் கொடிய இனங்கள் ஆறு மணி நேரத்துக்கும் அதிகமாகச் சத்தம் காட்டாமல் இருந்து, பிறகு கல்லீரலைக் கெடுக்கும்.

பாட்டியின் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். அதைக் கேலி செய்பவர்களும் சரி, கண்ணை மூடிக்கொண்டு நம்புபவர்களும் சரி, ஒரே விஷயத்தைத்தான் தவறவிடுகிறார்கள். செபராங் பிறைப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த மூத்தவர்களுக்குக் காளான் தெரியும், சந்தேகமே வேண்டாம். பால்மரக் (ரப்பர்) காட்டில் எந்தப் புற்று எந்த மழைக்குப் பூக்கும் என்று தெரியும். செம்பனைக் குலையைப் பிய்த்தெடுத்த சக்கையைக் குவித்துவைத்த இடத்தில் வைக்கோல் காளான் வரும் என்பதும் தெரியும். ஒரு குடும்பம் இரண்டு மூன்று தலைமுறையாக ஒன்றைத் தின்று நலமாக இருக்கிறது என்றால் அதுவும் ஒருவகைச் சான்றுதான்.

ஆனால் அந்தச் சான்று எந்த மண்ணில் கிடைத்தது? கொடிய அமானிட்டாக்கள் தனியாக வாழ்வதில்லை. சில குறிப்பிட்ட மரங்களின் வேர்களைப் போர்த்திக்கொண்டு, கொடுக்கல் வாங்கலாக வாழ்கின்றன. நம் ஊரில் அந்த மரங்கள் பெரும்பாலும் மெராந்தி போன்ற டிப்டெரோகார்ப் வகையும் ஓக் குடும்பத்து மரங்களும்தாம். பால்மரத்துக்கும் செம்பனைக்கும் அந்த உறவு கிடையாது. அவற்றின் வேரில் வாழ்வது வேறு வகைப் பூஞ்சை, அது குடை விரிப்பதே இல்லை. ஆக, தோட்டத்தில் பாட்டிக்கு மிக மோசமான எதிரி அரிதாகவே எதிர்ப்பட்டான். அங்கே வெள்ளைக் குடைகளைப் பிரித்தறிய அவருக்கு எளிமையான விதிகளே போதுமாக இருந்தன. தோட்டம் துண்டாடப்பட்டு, குடும்பம் அடுக்குமாடிக்குக் குடிவந்து, ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளோடு பினாங்கு மலைக் காட்டில் நடக்கும்போது அதே விதிகள் மெராந்தியும் ஓக்கும் நிற்கும் மண்ணுக்கு வந்துவிடுகின்றன. சிங்கப்பூர், மலாயாவின் அமானிட்டாக்களைப் பற்றி பூஞ்சை அறிஞர்கள் கார்னரும் பாஸும் 1962இல் ஒரு முழு ஆய்வே எழுதும் அளவுக்கு இந்தக் காடுகளில் அவை உண்டு. (உயர்ந்த மரங்களிலிருந்து கிளை பறித்துவரக் குரங்குகளைப் பழக்கியவர் என்றுதான் கார்னரைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள்.)

எனவே என் கணிப்பு இது: தோட்டத்தில் அவர் தீர்ப்பு மற்ற எவருடையதையும்விட மேல். மலைக்காட்டில் அதே தீர்ப்பு ஒரு கருத்து மட்டுமே. அனுபவம் மிக்க மூத்தவர்கள் பலர் இதைத் தாங்களே சொல்லிவிடுவார்கள். "இந்தக் காடு எனக்குப் பழக்கமில்லை ஐயா, கை வைக்காதே" என்பவரைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

கைப்பேசிக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மூன்று காளான் செயலிகளைப் பரிசோதித்து 2023இல் வெளியான ஆய்வில், சிறந்தது என்று வந்ததே சுமார் பாதி மாதிரிகளைத்தான் சரியாகச் சொன்னது. மற்ற இரண்டும் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிச் சரியாகச் சொன்னதோடு நின்றுவிட்டன. குறை செயலியில் மட்டும் இல்லை. நாம் கொடுக்கும் படத்திலும் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் புற்றுக்காளானுக்கும் நடுவில் கருமை, குளோரோஃபில்லத்துக்கும் நடுவில் பழுப்பு. தண்டில் வளையம் இருக்கிறதா என்று பார்த்தாலும் பயனில்லை, ஹெய்மிக்கும் வளையம் உண்டு, எதிரிகள் இருவருக்கும் உண்டு.

ஆனாலும் செயலியைத் தூக்கி எறிய நான் சொல்லமாட்டேன், ஒருபக்கமாக மட்டும் நம்பச் சொல்வேன். அது தரும் பட்டியலில் எங்காவது அமானிட்டா என்றோ குளோரோஃபில்லம் என்றோ வந்தால் அன்றைய சமையல் ரத்து. டெர்மிட்டோமைசிஸ் என்று முதலிடத்தில் வந்தால் அதற்கு மதிப்பு எதுவும் இல்லை, வேலை இனிமேல்தான் தொடங்குகிறது. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் படத்தைப் பதிவுசெய்தால் விவரம் தெரிந்த மனிதர்களும் பார்த்துத் திருத்துவார்கள். அது நல்ல பழக்கம், ஆனால் அவர்கள் பதில் வருவதற்குள் காளான் அழுகியிருக்கும்.

காகிதச் சோதனைதான் எனக்குப் பிடித்தது, செலவும் கிடையாது. நன்றாக விரிந்த ஒரு குடையைத் தண்டிலிருந்து வெட்டி, செவுள் (குடையின் அடியில் மடிப்பு மடிப்பாகத் தெரிவது) கீழே இருக்கும்படி காகிதத்தில் கவிழ்த்து, மேலே ஒரு கண்ணாடித் தம்ளரை மூடி இரவு முழுக்க விட்டுவிட வேண்டும். காகிதம் பாதி வெள்ளையாகவும் பாதி கறுப்பாகவும் இருக்கட்டும். வெள்ளைத் தூள் வெள்ளைத்தாளில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. காலையில் செவுள்களின் அச்சு வித்துத்தூளாகப் படிந்திருக்கும். புற்றுக்காளான் வெளிர் இளஞ்சிவப்பாகப் படியும். குளோரோஃபில்லம் சாம்பல் கலந்த பச்சையாகப் படியும். குடைக்காளான்களில் பச்சைத்தூள் போடுவது மிக அரிது என்பதால் அந்த ஒரு நிறத்தோடு அதன் வழக்கு முடிந்துவிடும். அமானிட்டா வெள்ளை.

கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் இதற்கும் மூன்று ஓட்டைகள் உண்டு. முதலாவது, விரியாத மொட்டு தூள் போடாது. இளம் குளோரோஃபில்லத்தின் செவுளும் வெள்ளையாகவே இருக்கும், வித்து முற்றினால்தான் பச்சை தட்டும். நம்மவர்களோ ருசி அதிகம் என்று மொட்டையே தேடிப் பறிக்கிறோம். இரண்டாவது, இளஞ்சிவப்பு வந்ததும் எண்ணெய்ச் சட்டியை ஏற்றக்கூடாது. என்டோலோமா என்ற பேரினமும் இளஞ்சிவப்புத்தான் போடும், அதில் நஞ்சுள்ளவை உண்டு. வேறுபாடு செவுளில் இருக்கிறது. புற்றுக்காளானின் செவுள் தண்டைத் தொடாமல் நின்றுவிடும், என்டோலோமாவினுடையது பொதுவாகத் தண்டோடு ஒட்டியிருக்கும். வைக்கோல் காளானும் இளஞ்சிவப்பே. அதன் அடியில் ஒரு பை இருக்கும். மூன்றாவது ஓட்டையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை: காகிதம் அந்த ஒரு குடைக்காக மட்டுமே சாட்சி சொல்கிறது. கூடையில் கிடக்கும் மற்றவை ஒரே கொத்தில் பறித்தவையா, நாலு இடத்தில் பொறுக்கியவையா என்பது அதற்குத் தெரியாது.

ஓரிரவு காத்திருப்பதும் சும்மா இல்லை. விரிந்த புற்றுக்காளான் மறுநாளே புழுத்துப்போகும். ஆகவே முற்றிய ஒன்றைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, அதே கொத்தின் மற்றவற்றைக் காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைப்பதுதான் நடைமுறை.

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட உறுதியானது மண்வெட்டி. சந்தேகத்துக்குரிய காளானைப் பிடுங்கக்கூடாது. பக்கத்தில் குழி வெட்டி, தண்டு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். புற்றுக்காளானின் தண்டு மண்ணுக்குள் வேர்போல மெலிந்து இறங்கும், சிலவற்றில் ஒரு முழத்துக்கும் மேல். பிடுங்கினால் ஒடிந்து பாதி உள்ளேயே தங்கிவிடும், சான்றும் அதோடு தங்கிவிடும். பொறுமையாகத் தோண்டினால் அது கறையான் தட்டில் போய் முடிவதைக் காணலாம், பழுப்பு நிறத்தில், துளைகளோடு, கறையான்கள் ஓடிக்கொண்டிருக்கும் தட்டில். அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் குளோரோஃபில்லமும் அமானிட்டாவும் வழக்கிலிருந்து வெளியேறிவிடும். குளோரோஃபில்லத்தின் அடி சற்றுப் பருத்து அங்கேயே முடிந்துவிடும். அமானிட்டாவின் அடியில் கிழிந்த பை இருக்கும். அந்தப் பை மண்ணுக்குள் புதைந்திருப்பதால்தான் பிடுங்குபவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை.

நீண்ட வேர் மட்டுமே போதாது என்பதையும் சொல்ல வேண்டும். புதைந்த மரத்துண்டிலிருந்து வேர்விட்டு எழும் வேறு காளான்களும் உண்டு. அவற்றின் குடை ஈரத்தில் வழுவழுப்பாகவும் தூள் வெள்ளையாகவும் இருக்கும். வேர் போய் முடியும் இடம்தான் முக்கியம், நீளம் இல்லை. எதிர்ப்பக்க விதிவிலக்கும் ஒன்று: மைக்ரோகார்ப்பஸ் என்ற குட்டிப் புற்றுக்காளானுக்கு அந்த நீண்ட வேரே கிடையாது. கறையான்கள் வெளியே கொண்டுவந்து போட்ட தட்டுத் துணுக்குகளில் நூற்றுக்கணக்கில் முளைத்துத் தரையை வெண்மையாக்கும். அதைப் பறிப்பதைப் பழகியவர்களிடமே விட்டுவிடுவது நல்லது.

மண்வெட்டியின் குறை வெளிப்படையானது. தெலுக் பஹாங்கிலுள்ள தேசியப் பூங்காவில் எதையும் பறிக்கக்கூடாது, தோண்டவும் கூடாது. மலைக் காடுகளும் பெரும்பாலும் பாதுகாக்கப்பட்ட வனமும் நீர்ப்பிடிப்புப் பகுதியும்தாம். எனவே மிக உறுதியான வழி, ஆபத்து மிகுந்த இடத்தில் நமக்குக் கிடைப்பதில்லை. அதற்கு என்னிடம் மாற்று வழி எதுவும் கிடையாது. தோண்ட முடியாத இடத்தில் படம் எடுக்கலாம், பறிக்க வேண்டாம். அங்கேயும் தரையோடு குனிந்து செவுளையும் தண்டின் அடியையும் படம் எடுங்கள், மேலிருந்து எடுத்தது போதும்.

மரபணுச் சோதனையும் நுண்ணோக்கியும் மிச்சம். கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆய்வுக் கழகம் போன்ற இடங்களின் உலகம் அது. இனத்தின் பெயரைக் கடைசி எழுத்துவரை உறுதிசெய்ய அவர்கள்தாம் வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கு அவர்கள் தேவைப்படும் அளவுக்குச் சந்தேகம் இருந்தால், அந்தக் காளான் சாப்பாட்டுக்கு உரியதே இல்லை.

ஆக என் வரிசை: சொந்தத் தோட்டத்தில் தெரிந்த புற்று என்றால் பாட்டியும் மண்வெட்டியும் போதும். புல்வெளி என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் காகிதம் பேசாமல் கை வைக்க வேண்டாம், வீட்டுப் புல்தரைக்கு அடியிலும் புற்று இருக்கக்கூடும் என்பதால் இங்கே குழப்பம் அதிகம். மலைக்காடு என்றால் கண்ணால் பார்ப்பதோடு சரி. கைப்பேசி மூன்று இடத்திலும் எச்சரிக்கை மணியாக மட்டும்.

யாராவது ஏற்கனவே தின்றுவிட்டிருந்தால் ஒப்பீட்டுக்கு நேரமில்லை. தின்ற நேரத்தையும் வயிறு கலங்கிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். ஆறு மணி நேரம் கழித்துத் தொடங்கிய வாந்தி, சீக்கிரம் தொடங்கியதைவிட அஞ்சத்தக்கது. இடையில் ஒருநாள் நோயாளி தெளிந்ததுபோல் எழுந்து உட்காருவார், கல்லீரல் கெடுவது அந்த நாளிலும் நிற்பதில்லை. அதனால் அவரை வீட்டுக்குக் கூட்டிவர அவசரப்படாதீர்கள். சமைக்காமல் மிஞ்சிய காளானை, குப்பையில் போட்ட அடித்தண்டு உட்பட, பிளாஸ்டிக் பையில் போடாமல் காகிதத்தில் சுற்றி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். நஞ்சு பற்றி மருத்துவர்கள் ஆலோசனை கேட்கும் தேசிய நச்சு மையம் பினாங்கிலேயே, மிண்டனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது.