டச்பேடில் விரல் படும் பாடு: மேக், விண்டோஸ், லினக்ஸ்

லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் ராம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். டச்பேடைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. நானும் அப்படிக் கேட்காமல் ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கி வந்தவன்தான். கடையில் போட்டுக் கொடுத்த விண்டோஸ் 10-ல் கர்சர் நகர்ந்தது, க்ளிக் ஆனது. இரண்டு விரலால் தள்ளினால் மட்டும் பக்கம் அசையவே இல்லை. டச்பேட் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்து பென்டிரைவிலிருந்து உபுண்டு என்ற லினக்ஸை ஓடவிட்டுப் பார்த்தேன். அதே பலகை, அதே இரண்டு விரல், பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. பலகையில் ஒரு கோளாறும் இல்லை. பலகையோடு விண்டோஸ் பேச உதவும் மென்பொருளான டிரைவர்தான் இல்லை.

டச்பேடுக்குத் தெரிந்ததெல்லாம் எந்த இடத்தில் எத்தனை விரல் படுகிறது என்பதுதான். இது ஸ்க்ரோல், இது ஜூம், இது தெரியாமல் பட்ட உள்ளங்கை என்று தீர்ப்புச் சொல்வது வேறொருவர். அந்த நாட்டாமை யார் என்பதில்தான் மேக்கும் விண்டோஸும் லினக்ஸும் பிரிகின்றன.

மேக்கில் பலகையும் சிஸ்டமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 2005-லேயே பவர்புக்கில் இரண்டு விரல் ஸ்க்ரோல் வந்துவிட்டது. பல விரல் தொடுதலில் கைதேர்ந்த ஃபிங்கர்வொர்க்ஸ் நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியதும் அதே ஆண்டில்தான். 2008 ஜனவரியில் மேக்புக் ஏரில் பிஞ்ச் ஜூமும் மூன்று விரல் ஸ்வைப்பும் வந்தன. அந்த ஆண்டு கடைசியில் தனி பட்டன் போய், கண்ணாடிப் பலகையே பட்டனானது. 2011-ல் மேக்கின் லயன் பதிப்பு வந்தபோது, திறந்த விண்டோக்களை எல்லாம் ஒருசேரக் காட்டும் மிஷன் கன்ட்ரோல், முழுத்திரை ஆப்களுக்கிடையே தாவுவது எல்லாம் விரலுக்குள் வந்துவிட்டன. 2015-லிருந்து வரும் ஃபோர்ஸ் டச் பலகை உண்மையில் அமுங்குவதே இல்லை. அடியில் ஒரு சின்ன மோட்டார் தரும் அதிர்வைத்தான் நம் விரல் 'க்ளிக்' என்று நம்புகிறது. சந்தேகம் இருந்தால் மெஷினை முழுதாக அணைத்துவிட்டு அமுக்கிப் பாருங்கள், கல் மாதிரி இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. தட்டினால் க்ளிக் ஆவது புது மேக்கில் அணைந்தே கிடக்கும். விண்டோஸிலிருந்து வந்தவர்கள் முதல் நாள் இதில்தான் விழிப்பார்கள். மூன்று விரலால் இழுக்கும் வசதியைச் செட்டிங்ஸின் டிராக்பேட் பக்கத்தில் வைக்காமல், அக்ஸசிபிலிட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஸ்க்ரோல் திசையை மவுஸுக்குத் தனியாக மாற்றலாம் என்று பார்த்தால், டச்பேடுக்கும் சேர்ந்தே மாறித் தொலைக்கிறது. மவுஸும் டச்பேடும் மாறி மாறி வைத்து வேலை செய்பவனுக்கு இது தினப்படி எரிச்சல்.

பலகை பாதி, சிஸ்டம் பாதி என்பதற்குச் சாட்சி, மேக்கில் விண்டோஸ் போட ஆப்பிள் தந்த பூட் கேம்ப். இன்டெல் மேக்புக்கில் அதன் வழியாக விண்டோஸ் போட்டால், அதே உயர்ந்த கண்ணாடி பல ஆண்டுகள் வரை சாதாரண டச்பேட் ஆகிவிட்டது. இரண்டு விரல் ஸ்க்ரோல், ரைட் க்ளிக், அவ்வளவுதான். அப்போது ஆப்பிள் தந்த டிரைவர் விண்டோஸின் பிரிசிஷன் முறையில் பேசாததால், விண்டோஸ் 10-ன் மூன்று விரல் சைகைகள் அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு வெளியாள் ஒருவர் எழுதிய ஓப்பன் சோர்ஸ் டிரைவரைப் போட்ட பிறகுதான் அந்தக் கண்ணாடிக்கு விண்டோஸில் உயிர் வந்தது.

பிரிசிஷன் என்றேன் அல்லவா, விண்டோஸ் கதையே அதுதான். பழைய விண்டோஸ் லேப்டாப்களில் டச்பேட், பிஎஸ்/2 என்ற பழங்கால இணைப்பில் ஓடும் மவுஸ் வேஷம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சினாப்டிக்ஸ், எலான், ஆல்ப்ஸ் என்று தயாரிப்பாளருக்கு ஒரு டிரைவர், டிரைவருக்கு ஒரு கன்ட்ரோல் பேனல். ஒரு லேப்டாப்பில் மூன்று விரலால் தள்ளினால் முந்தைய பக்கத்துக்குப் போகும், இன்னொன்றில் அதே மூன்று விரலுக்கு ஒன்றும் நடக்காது. டிரைவர் இல்லாவிட்டால் வேஷம் மட்டும் மிஞ்சும். என் மெஷினில் நடந்தது அதுதான். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் இந்தப் பழைய பலகைகளோடு பேசும் முறை ஏற்கெனவே இருப்பதால் அங்கே தானாக ஓடியது.

2013-ல் விண்டோஸ் 8.1-ஓடு மைக்ரோசாஃப்ட் பிரிசிஷன் டச்பேடைக் கொண்டுவந்தது. பலகை விரல் இருக்கும் இடத்தை மட்டும் சொல்லும், சைகை எது என்பதை விண்டோஸே முடிவு செய்யும். 2015-ல் விண்டோஸ் 10-ல் மூன்று விரல் மேலே தள்ளினால் திறந்த விண்டோக்களைக் காட்டும் டாஸ்க் வியூ, கீழே தள்ளினால் டெஸ்க்டாப், பக்கவாட்டில் தள்ளினால் ஆப் மாறுவது என்று ஒரு ஒழுங்கு வந்தது. எந்த விரலுக்கு என்ன வேலை என்பதைச் செட்டிங்ஸிலேயே மாற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு விஷயத்தில் மேக்கைவிட விண்டோஸுக்கே என் ஓட்டு. செட்டிங்ஸில் டச்பேட் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மூன்று விரல், நான்கு விரல் பகுதிகள் தெரிந்தால் பிரிசிஷன். ஸ்க்ரோலுக்கே வழி இல்லாமல் பக்கம் வெறிச்சென்று கிடந்தால் பழைய வேஷம்.

சாஃப்ட்வேர் தேறிவிட்டது, பலகை இன்னும் எல்லா இடத்திலும் தேறவில்லை. பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் டச்பேடின் மேல் விளிம்பில்தான் கீல். கீழே அமுக்கினால் க்ளிக், மேலே அமுக்கினால் சுவர்.

லினக்ஸுக்கு வருவோம். இங்கே கேள்வி எந்த லேப்டாப் என்பதல்ல, எந்த செஷன் என்பது. திரையில் விண்டோக்களைக் காட்டும் முறை புதிய வேலண்டா, பழைய எக்ஸ்11-ஆ? 2021 மார்ச்சில் வந்த ஜினோம் 40 டெஸ்க்டாப்பில், வேலண்ட் செஷனில் மூன்று விரலை மேலே தள்ளினால் எல்லா விண்டோவும் விரிந்து நிற்கும். விரலைப் பாதியில் நிறுத்தினால் திரையும் பாதியில் நிற்கும், பின்வாங்கினால் கூடவே பின்வாங்கும். இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஇ பிளாஸ்மாவில் இந்த 'விரலோடு ஒட்டிய' நகர்வு 2022 ஜூனில் 5.25-ல் வந்தது. எக்ஸ்11-ல் இருப்பவர்களுக்கு டச்எக் என்ற கருவி உண்டு. லினக்ஸ் மின்ட் 21.2-ன் சின்னமன் டெஸ்க்டாப் அதை வைத்துத்தான் சைகைகளைத் தருகிறது. சைகை வேலை செய்யவில்லை என்று புலம்புகிற நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது, லாகின் திரையின் பல்சக்கரப் பொத்தானில் எந்த செஷன் டிக் ஆகியிருக்கிறது என்பதைத்தான்.

லினக்ஸில் நாட்டாமை, விரல் சேதிகளைப் படித்துச் சொல்லும் லிப்இன்புட் என்ற மென்பொருள். அது வேண்டுமென்றே செய்யாத ஒரு வேலை உண்டு: விரலை எடுத்த பிறகும் பக்கம் சறுக்கிக்கொண்டே போவது. முன்பிருந்த சினாப்டிக்ஸ் டிரைவர் அதைத் தானே செய்தது. அதில் ஒரு வினோதத் தொல்லை. நீளமான பக்கத்தை வேகமாகத் தள்ளிவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே டேப் மாற்ற கன்ட்ரோல் கீயைத் தொட்டால், மிச்சமிருந்த ஸ்க்ரோல் எல்லாம் ஜூமாக மாறி எழுத்து எறும்பாகிவிடும், இல்லையென்றால் யானையாகிவிடும். லிப்இன்புட் 'விரலை எடுத்துவிட்டார்' என்ற சேதியை மட்டும் ஆப்பிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. சறுக்குவதும் நிற்பதும் அந்தந்த ஆப்பின் பாடு. நியாயமான முடிவுதான். ஆனால் ஃபயர்பாக்ஸில் வழுக்கிய விரல், ஏதோ ஒரு பழைய ஆப்பில் பிரேக் போட்ட மாதிரி நிற்கும்போது கை தடுமாறத்தான் செய்கிறது. மேக்கிலும் பிரிசிஷன் விண்டோஸிலும் இந்தத் தடுமாற்றம் குறைவு.

சரி, எதை வாங்குவது? டச்பேடுக்காகவே வாங்குவதாக இருந்தால் மேக், அதில் மேக் ஓஎஸ்ஸே ஓடட்டும். செலவைப் பார்க்க வேண்டும் என்றால் பிரிசிஷன் உள்ள விண்டோஸ் லேப்டாப். பின்னாளில் லினக்ஸ் போட நினைத்தாலும் அதுவே நல்லது, அந்தப் பலகைகள் பொதுமுறையில் பேசுவதால் லிப்இன்புட்டுக்கும் எளிது. பழைய லேப்டாப் கையில் இருந்தால், டச்பேடைக் கழற்றி மாற்றச் சொல்லும்முன் லினக்ஸ் பென்டிரைவ் ஒன்றைச் செருகிப் பாருங்கள்.

கடையில் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். நீளமான ஒரு பக்கத்தைத் திறந்து இரண்டு விரலால் வீசிவிட்டு விரலை எடுங்கள். ஓடும்போதே மெல்ல மறுபடி விரல் வையுங்கள், சட்டென நிற்க வேண்டும். அப்புறம் நோட்பேடில் வேகமாக ஒரு பத்தி தட்டுங்கள். உள்ளங்கை பட்டு கர்சர் வேறு வரிக்குத் தாவுகிறதா என்று பாருங்கள். கடைசியாக மேல் மூலையில் ஒரு க்ளிக். விற்பவர் 'அங்கெல்லாம் ஏன் சார் அமுக்குறீங்க' என்று கேட்டால், கீல் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது.