முட்டு வலிக்கு மாத்திரையா, எண்ணெயா, ஊசியா, பயிற்சியா?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் சரிவில் எனக்கு 300 ரப்பர் மரம். விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவேன். வெட்டு தாழ்வாக இருக்கும் மரங்களில் குத்தவைத்துத்தான் வெட்ட வேண்டும். 54 வயதில் ஒரு நாள் குத்தவைத்தவன் மரத்தைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. எக்ஸ்ரே பார்த்து மூட்டுத் தேய்மானம் என்றார்கள். அடுத்த இரண்டரை வருடத்தில் மாத்திரை, வர்ம ஆசானின் எண்ணெய், ஊசி, பயிற்சி என்று நான்கையும் பார்த்துவிட்டேன். இப்போது பயிற்சியில் நிற்கிறேன், அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் பேசுவேன்.

மாத்திரையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. டைக்ளோஃபெனாக் போட்டால் ஒரு மணி நேரத்தில் வலி அடங்கும். வலி நரம்பைக் கூச வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை அது சுரக்கவிடாது. வயிற்றின் உட்சுவரைக் காப்பதும் சிறுநீரகத்துக்கு ரத்தம் ஓட உதவுவதும் அதே பொருள்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சீட்டு இல்லாமல் கடையில் வாங்கி நாலு மாதம் விழுங்கினேன். வயிறு எரிந்தது, பிரஷர் ஏறியது. அதைவிட மோசம், வலி தெரியாததால் 300 மரத்தையும் ஒரே மூச்சில் வெட்டிவிடுவேன். சாயங்காலம் முட்டு வீங்கி நிற்கும். அதே மருந்தைக் களிம்பாகத் தடவினால் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. இன்றும் வீட்டில் இருப்பது அந்தக் களிம்பு மட்டும்தான்.

அப்புறம் ஆசான். நம் மாவட்டத்தில் பிறந்துவிட்டு, உடம்பின் முக்கியமான இடங்களைத் தொட்டுத் தடவிப் பார்க்கும் வர்ம வைத்தியத்தை ஒதுக்க முடியுமா? படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 இடங்களையும் விரல்நுனியில் வைத்திருப்பவர். சூடான எண்ணெயை ஊற்றி அவர் தடவியபோது கிடைத்த சுகம் பொய்யல்ல. அடிபட்ட இடத்தை நாமே தேய்த்துவிடுகிறோமே, அது ஏன் இதமாக இருக்கிறது என்பதற்கு 1965-இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். தொடு உணர்வு போய்ச் சேர்ந்தால் தண்டுவடத்தில் வலியின் வாசல் கொஞ்சம் சாத்திக்கொள்ளும் என்பது அதன் சாரம். ஆனால் ஆசான், "மக்கா, எண்ணெய் பிடிக்கணும்னா ஏழு நாள் தோட்டத்துப் பக்கம் போகப்பிடாது" என்றுவிட்டார். பத்தியம் வேறு. ஒன்றரை மாதம் நன்றாக இருந்தது, பிறகு வலி திரும்பிவிட்டது. நான் பார்த்தது ஒரே ஆசானை, ஒரே முட்டுக்கு. அதை வைத்து வர்மத்தையே எடைபோட மாட்டேன். சுளுக்கு என்றால் இப்போதும் அவரிடம்தான் போவேன்.

மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி ஒன்றே ஒன்று போட்டேன். மூன்றாம் நாள் வலி குறைந்து இரண்டு மாதம் தாங்கியது. எனக்குச் சர்க்கரை உண்டு, அது சில நாள் ஏறியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு வருடம் ஊசி போட்டவர்களுக்கு மூட்டின் மெத்தையான குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்ததென்று 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. அதனால் இரண்டாவது ஊசிக்கு நான் போகவில்லை.

பயிற்சியைச் சொல்லித் தந்த பிசியோதெரபிப் பெண்ணிடம் முதலில் சண்டைதான் போட்டேன். "நோவுற காலையே ஆட்டச் சொல்றியே அம்மா." அவள் சிரித்தாள். "மாமா, குருத்தெலும்புக்கு நரம்பே கிடையாது. நோவுதுன்னா தேயுதுன்னு அர்த்தமில்ல. மறுநாள் காலையில வலி கூடியிருந்தா மட்டும் குறைச்சுச் செய்யுங்க." முட்டுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துத் தொடையை இறுக்குவது, காலை நீட்டியபடி தூக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, இவ்வளவுதான். தொடைத் தசை வலுத்தால் முட்டின் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை. ஆறாவது வாரம் பஸ் படியில் கம்பியைப் பிடிக்காமல் ஏறினேன், ஏறிய பிறகுதான் உறைத்தது. இடையில் உடம்பும் 4 கிலோ குறைந்தது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டின் மேல் விழும் பாரம் 4 கிலோ அளவுக்குக் குறையுமாம்.

எனக்கு முடிவைத் தந்தது வேறொரு கேள்வி: விட்டுப்போனால் மறுபடி தொடங்க என்ன செலவு? ஆனி மழையில் வெட்டு நின்றபோது பயிற்சியையும் விட்டேன். மூன்றாம் வாரம் முட்டு இறுகியது. மீண்டும் தொடங்கிப் பத்து நாளில் சரியானது, ஐந்து பைசா செலவில்லை. எண்ணெய்க்கு என்றால் ஏழு நாள் வெட்டுப் போகும், ஊசிக்கு ஆஸ்பத்திரி, மாத்திரைக்கு வயிறு. ஆனால் தினமும் 20 நிமிடம் ஒதுக்குவது லேசல்ல. முதலில் ராத்திரி செய்து பார்த்தேன், தூக்கம் வென்றது. வெட்டி முடித்துப் பால் சிரட்டையில் நிறையும் வரை எப்படியும் காத்திருக்கத்தானே வேண்டும்? அந்த நேரத்துக்கு மாற்றினேன். ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில் ஒரு பழைய நாற்காலி கிடக்கிறது, அது போதும்.

மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை எனக்குத் தேவைப்படவில்லை. செய்துகொண்ட பக்கத்து வீட்டு அக்காவும் இதே பயிற்சியைத்தான் தினமும் செய்கிறார். ஒன்று மட்டும்: முட்டு திடீரென்று சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால் இந்த நான்கையும் விட்டுவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள்.

தாழ்ந்த வெட்டு மரங்களுக்கு நான் இப்போதும் குத்தவைப்பதில்லை. உட்காரக் குட்டிப் பலகை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு போகிறேன். பக்கத்துத் தோட்டத்துக்காரன் பார்த்தால் சிரிப்பான், சிரிக்கட்டும்.