மைலேஜுக்காகச் சைலன்சரில் கை வைக்கலாமா?

"சைலன்சரை மாத்துங்க, இன்ஜின் நல்லா மூச்சு விடும், மைலேஜ் தானா ஏறும்." கார் வைத்திருக்கும் எல்லோருமே ஒருமுறையாவது இதைக் கேட்டிருப்பார்கள். மைலேஜுக்கென்று சொல்லப்படும் வழிகள் மூன்று: புகை தடையில்லாமல் போகும்படி செய்த ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போடுவது, புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை (சுருக்கமாகக் கேட்கான்) கழற்றுவது, கம்பெனி கொடுத்த அமைப்பையே பழுது பார்த்து ஓட்டுவது. டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் ஹேட்ச்பேக்குக்கு என் ஓட்டு மூன்றாவதற்குத்தான்.

முதலில் ஃப்ரீ ஃப்ளோ. வெளியேறும் புகைக்குக் குழாய் தடை போடுகிறது, அதைத் தள்ள இன்ஜின் கொஞ்சம் சக்தி செலவழிக்கிறது என்பதெல்லாம் உண்மை. ஆனால் எவ்வளவு? 80 குதிரைத்திறன் உள்ள சின்னக் கார் சமதளச் சாலையில் 70 கி.மீ. வேகத்தில் சீராகப் போக 10 குதிரைத்திறன் போதும். அப்போது வெளியேறும் புகை, முழு வேகத்தில் வருவதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். குழாயின் தடையோ புகையின் அளவுக்கு நேராகக் குறைவதில்லை, வர்க்கக் கணக்கில் குறைகிறது. புகை ஐந்தில் ஒன்று என்றால் தடை இருபத்தைந்தில் ஒன்று. அதே நேரம் காற்று உள்ளே வரும் பக்கம் அதன் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் வால்வு பாதிக்கு மேல் மூடிக் கிடக்கிறது. பெட்ரோல் இன்ஜின் மூச்சு முட்டுவது அங்கேதான். பின்னால் குழாயை அகலப்படுத்துவதால் அது மாறப் போவதில்லை.

நன்றாக வடிவமைத்த ஹெட்டர் (சிலிண்டர்களிலிருந்து புகையை வெளியே கொண்டுவரும் குழாய்த் தொகுதி), ஒரு சிலிண்டரின் புகை அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்துக்கொண்டு போகும்படி செய்யும். அது குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டுமே நன்றாக வேலை செய்யும். பந்தயக் காருக்கு அது மேல் ஆர்பிஎம்மில் அமைகிறது, நம் நகரப் போக்குவரத்து நடப்பதோ 1,500க்கும் 2,500க்கும் இடையில். அளவுக்கு மீறிப் பெரிய குழாய் போட்டால் புகையின் வேகம் குறைந்து கீழ் ஆர்பிஎம் பிக்அப் சோர்ந்துபோகும். அப்புறம் கியரைக் குறைத்து, காலை அழுத்தி ஓட்ட வேண்டியதுதான். சத்தம் வேண்டும் என்று போடுகிறவர் போடட்டும், மைலேஜ் பேரைச் சொல்லி விற்பதைத்தான் நம்ப வேண்டாம்.

கேட்கானைக் கழற்றும் யோசனை இதைவிட மோசம். நல்ல நிலையில் இருக்கும் கேட்கான் நகர வேகத்தில் போடும் தடை மிகச் சொற்பம். எடுத்துவிட்டால் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் மாற்றப்படாமல் அப்படியே தெருவுக்கு வரும், கேட்கானுக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அதைக் கவனித்துச் செக் இன்ஜின் விளக்கை எரிய வைக்கும். சட்டப்படியும் தப்பு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2)இன் கீழ், காற்று மாசு, ஒலி விதிகளை மீறி வண்டி ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேட்கானுக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன, பழைய கேட்கானுக்குத் தனிச் சந்தையே உண்டு. "இலவசமா எடுத்துத் தரேன்" என்று ஒருவர் சொன்னால் லாபம் யாருக்கு என்று யோசியுங்கள்.

கேட்கான் உண்மையிலேயே அடைத்துக்கொள்வதும் உண்டு. மிஸ்ஃபயர் ஆகும், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாத வண்டியில் எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்து, தேன்கூடு போன்ற பீங்கான் உருகிவிடும். பிக்அப் செத்துவிடும், மைலேஜும் விழும். கேட்கானுக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டி, 2,500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் அடைப்பு என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் தீர்வு, மிஸ்ஃபயரைச் சரிசெய்துவிட்டுப் புது கேட்கான் போடுவதே.

சரி, மூன்றாவது வழி. மைலேஜை நிஜமாகத் தின்னும் கோளாறுகள் முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைச் சுற்றியே இருக்கின்றன. எடைக் கணக்கில் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்ற கலவையை இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) அந்தச் சென்சாரைப் பார்த்துத்தான் பிடித்து வைக்கிறது. சென்சாருக்கு முன்னால், இன்ஜினிலிருந்து புகை முதலில் வந்து சேரும் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டிலோ வெல்டிங்கிலோ சின்ன விரிசல் விழுந்தால், புகைத் துடிப்புகளுக்கு நடுவே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். 'ஆக்சிஜன் அதிகம்' என்று சென்சார் சொல்லும், இசியூ தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். சென்சாரே கெட்டுப்போனாலும் இழப்பு பெரிது: அதைச் சரிசெய்தால் மைலேஜ் 40 சதவீதம் வரைகூட மேம்படலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறையின் வழிகாட்டி சொல்கிறது. எந்த ஃப்ரீ ஃப்ளோவும் இதன் பக்கத்தில் வர முடியாது.

பின் சைலன்சர் பெட்டியில் விழும் துரு ஓட்டை வேறு கதை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பக்கத்துக் கடைவரை மட்டுமே போய்வரும் வண்டியில் அது ஆவியாகி வெளியேறாமல் பெட்டிக்குள் தங்கித் துருப்பிடிக்க வைக்கும். சென்சார்களைத் தாண்டிய ஓட்டை என்பதால் மைலேஜ் குறையாது, சத்தம் மட்டும் கூடும். ஆனாலும் உடனே அடைத்துவிடுங்கள். கார்பன் மோனாக்சைடு தரை வழியாக உள்ளே வந்தால் வாசனையே தெரியாது, குழந்தைகள் பின் சீட்டில்தான் தூங்குகிறார்கள்.

ஆகவே மைலேஜ் திடீரென்று விழுந்தால் முதலில் ஸ்கேன் போட்டு ஃப்யூயல் ட்ரிம், அதாவது இசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ப்ளஸ் 10 சதவீதத்துக்கு மேலேயே நின்றால், இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து மேனிஃபோல்ட் பக்கம் 'டிக் டிக்' சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் கேஸ்கெட்டைப் பாருங்கள். வராவிட்டால் காற்று உள்ளே வரும் பக்கம் ஏர் லீக், ஃப்யூயல் பிரஷர், சென்சார் என்று வரிசையாகத் தேடச் சொல்லலாம்.