தொட்டிக்கரியில் செய்த நீர்ப்பிளப்பு வினையூக்கி: பயன்படுத்திப் பார்த்த மதிப்பீடு

காங்கேயம் வட்டாரத்துத் தேங்காய்த் தொட்டிக்கரியை மூலப்பொருளாகக் கொண்டு, அதில் நைட்ரஜன் ஏற்றி, 'உலோகமில்லா வினையூக்கி' என்ற பெயரில் விற்கப்படும் கருந்தூளை எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்கு வாங்கினோம். நீரை மின்சாரத்தால் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிளக்க, பல இடங்களில் பிளாட்டினத்தையும் இரிடியத்தையும் நம்பியிருக்கும் ஒரு தொழிலில் நம் ஊர்த் தொட்டிக்கு இடம் கிடைக்குமானால் மகிழ்ச்சிதான். ஆனால் விளம்பரத் தாள் சொல்வதில் பாதியை மட்டுமே ஏற்க முடிகிறது.

தூள் மிக நைசாக இருக்கிறது. எத்தனால் கலந்த நீரில் ஒட்டுப்பொருளாக நஃபியான் என்ற பாலிமரைச் சிறிது சேர்த்துக் கலக்கினால் நன்றாகப் பரவுகிறது, கார்பன் தாளில் பூசினால் உதிர்வதில்லை.

ஹைட்ரஜன் வெளிவரும் எதிர்மின்முனையில் இதன் செயல்பாடு மதிக்கத்தக்கது. வெறும் கார்பன் ஹைட்ரஜன் அணுவைச் சரியாகப் பற்றிக்கொள்ளாது. நைட்ரஜன் அணு அருகிலுள்ள கார்பனின் எலக்ட்ரான்களைத் தன்பக்கம் ஈர்ப்பதால்தான் அங்கே வினை நடக்க இடம் உண்டாகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் என்ற வழக்கமான அளவை எட்ட, பிளாட்டினத்தைவிடக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்பட்டாலும், விலையை நினைத்தால் அது பெரிய குறையன்று. சோதிப்பவர்கள் சுற்றை முழுமையாக்கும் துணை மின்முனையாகப் பிளாட்டினக் கம்பியைப் போடாமல் கிராஃபைட் தண்டையே பயன்படுத்த வேண்டும்; பிளாட்டினம் கரைந்து வந்து தூளின்மேல் படிந்துவிட்டால், கிடைக்கும் நல்ல பெயர் கார்பனுக்கு உரியதாக இருக்காது.

ஆக்சிஜன் பக்கத்தில்தான் சிக்கல். நீரைப் பிளக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் வேண்டும். கார்பனோ ஏறத்தாழ 0.21 வோல்ட்டிலிருந்தே ஆக்சிஜனேற்றம் அடையக்கூடியது. அந்த வினை மிக மெதுவானது என்பதால்தான் கார்பன் மின்முனைகள் பிழைத்திருக்கின்றன, ஆக்சிஜன் வெளிவரும் மின்னழுத்தத்தில் அந்தப் பாதுகாப்பு போதுவதில்லை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நேர்மின்முனையாக வைத்து நீண்ட நேரம் ஓட்டியபோது மின்னோட்டம் படிப்படியாகக் குறைந்தது, கரைசல் சுக்குக்காப்பி நிறத்துக்கு மாறியது. ஆகவே, தொடக்கத்தில் கண்ட மின்னோட்டம் முழுவதையும் ஆக்சிஜன் கணக்கில் எழுத முடியாது. வாயுவை அளக்காமல் 'இருபுறமும் இயங்கும்' என்று அச்சிட்டிருப்பது பொறுப்பற்ற செயல்.

'உலோகமில்லா' என்ற சொல்லுக்கும் சான்று போதவில்லை. தொட்டியிலேயே கனிமங்கள் உண்டு, உலையிலிருந்து இரும்பு சேரவும் வாய்ப்புண்டு. தரப்பட்ட எக்ஸ் கதிர் ஒளியெலக்ட்ரான் நிறமாலை (XPS) அறிக்கை மேற்பரப்பை மட்டுமே காட்டும். மிகச் சிறு அளவு உலோகம் அதில் தெரியாமல் போகலாம். தூளைக் கரைத்து அதிலுள்ள மிகச் சிறு அளவு உலோகத்தையும் அளக்கும் ஐசிபி (ICP) பகுப்பாய்வு அறிக்கை கேட்டதற்கு "அனுப்பி வைக்கிறோமுங்க" என்றார்கள், இன்னும் வரவில்லை. பறவை எச்சம் கலந்த கிராஃபீன் (ஓரணு தடிமனுள்ள கார்பன் தாள்)கூட, கலக்காததைவிட நன்றாக வேலை செய்கிறது என்று 2020இல் வேதியியலாளர் மார்ட்டின் புமேரா குழுவினர் கேலியாகவே காட்டிய துறை இது. விற்பவர் இன்னும் கவனமாக இருந்திருக்கலாம்.

ஹைட்ரஜன் பக்க ஆய்வுக்கும் மாணவர் பயிற்சிக்கும் சிறிய பொட்டலமாக வாங்கலாம். நேர்மின்முனைக்கு நிக்கல் வலையே போதும். மொத்தமாக வாங்க நினைப்பவர்கள், தாங்கள் பெறும் அதே தொகுப்புக்குரிய ஐசிபி அறிக்கை கைக்கு வந்த பிறகு பணம் கட்டுவது நல்லது.