ஓட்டுவது வேறு, உருட்டுவது வேறு: 62,000 கிலோமீட்டர் அனுபவம்

2021 ஜனவரியில் எடுத்த வண்டி. 1.5 லிட்டர் டீசல் கார், டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற விசிறி), ஆறு கியர், பிஎஸ்6 என்கிற புகை விதிப்படி வந்தது. இன்றைக்கு மீட்டரில் 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சீட், ஏசி, டிக்கி பற்றிச் சொல்லப் பெரிய குறை ஒன்றும் இல்லை. பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் நடுவில் இருப்பவர் கொடைக்கானல் வரை முனகிக்கொண்டே வருவார், அவ்வளவுதான். கம்பெனி பெயரை வேண்டுமென்றேதான் விடுகிறேன். ஏனென்றால் நான் பட்ட பாட்டில் முக்கால்வாசி என் காலும் கையும் செய்த வேலை.

நான் ஓட்டப் பழகியது அப்பாவின் அம்பாசடரில். அப்பாவுக்கு ஒரே கொள்கை, பெட்ரோல் மிச்சம் பிடிக்கணும். வண்டி நகர்ந்ததும் செகண்ட், ஓட ஆரம்பித்ததும் தேர்ட், முப்பதைத் தொட்டால் டாப். இறக்கம் வந்தால் நியூட்ரல். இன்ஜின் சத்தம் போடுகிற மாதிரி ஓட்டுவது அவருக்கு வண்டி மாட்டை அடிப்பது போல. அதே கையோடுதான் இந்த வண்டியிலும் ஏறினேன்.

ஊர் மதுரை. வீடு எல்லீஸ் நகர், வேலை அண்ணா நகர். ஏழு கிலோமீட்டர் இருக்கும். சிம்மக்கல், ஏ.வி. பாலம், கோரிப்பாளையம் என்று தாண்டிப் போக அரை மணி நேரம். முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்திலேயே நான்காவது கியரைப் போட்டுவிடுவேன். இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுகிற ஆர்பிஎம் முள் 1,200 பக்கம் தூங்கிக்கொண்டிருக்கும். எல்லீஸ் நகர் மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி லேசாக நடுங்கும், ஸ்டீயரிங்கிலேயே தெரியும். அது இன்ஜின் கெஞ்சுகிற நடுக்கம் என்று அப்போது புரியவில்லை. ரோடு சரியில்லை என்று மாநகராட்சியைத் திட்டினேன்.

2022 சித்திரைத் திருவிழா வாரம். அழகர் ஆற்றில் இறங்குகிற நேரத்தில் கோரிப்பாளையம் பக்கம் கார் எடுத்துப் போனது என் புத்தி. ஒன்றரை மணி நேரம் ஏசியைப் போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். மறுநாள் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி இழுக்கவில்லை. வழக்கமாக விடுகிற சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டி விளக்கை அணைத்துக் கொடுத்தார்கள். ஏன் எரிந்தது என்று யாரும் சொல்லவில்லை. பத்தே நாளில் மறுபடி எரிந்தது.

அப்புறம்தான் தெரிந்த பட்டறைக்குப் போனேன். பட்டறை அண்ணன் முதலில் பானட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக் கம்பியை உருவித் துடைத்தார், மறுபடி விட்டு எடுத்தார். "ஆயில் எப்படி இருக்கு, பாத்தீங்களா?" என்றார். நானும் பெருமையாக, "மாசாமாசம் பாக்குறேண்ணே, ஒரு சொட்டுகூடக் குறையல" என்றேன்.

"குறையல தம்பி, கூடியிருக்கு. ஆயில் எங்கயாவது குட்டி போடுமா?"

விஷயம் இதுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு, டீசல் கார்களின் புகைக்குழாய் வழியில் கரியைப் பிடித்து வைக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. டிபிஎஃப் என்பார்கள். அதில் கரி சேர்ந்துகொண்டே போகும். ஓரளவு சேர்ந்ததும் வண்டி தானாகவே கூடுதல் டீசலைப் பீய்ச்சிப் புகையின் சூட்டை 600 டிகிரி அளவுக்கு ஏற்றிக் கரியை எரித்துவிடும். அதற்கு ரீஜென் என்று பெயர். ஆனால் அந்த வேலை முடிய, இன்ஜின் நன்றாகச் சூடேறிப் பதினைந்து இருபது நிமிடமாவது தொடர்ந்து நல்ல வேகத்தில் ஓட வேண்டும். நான் ஏழு கிலோமீட்டரில் சாவியைத் திருப்பி அணைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றுபோகும். கரி அடைத்துக்கொண்டதால்தான் அந்த மஞ்சள் விளக்கு. எரியாமல் மிஞ்சிய டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரை ஒட்டி இறங்கி ஆயிலில் கலந்துவிடும். நான் பெருமைப்பட்ட ஆயிலின் பாதிக் கதை அதுதான். டீசல் கலந்த ஆயில் நீர்த்துப்போகும். பேரிங்கையும் டர்போவையும் காப்பாற்றுகிற பிசுக்கு அதில் இருக்காது.

சில நாள் வீட்டு வாசலில் நிறுத்தியதும் ரேடியேட்டர் ஃபேன் ஹோவென்று இரையும், ஐடிலிங் வழக்கத்தைவிட ஏறி நிற்கும், சூட்டு வாடை வரும். பயந்துபோய் உடனே அணைப்பேன். அது ரீஜென் நடக்கிற அடையாளமாம். எரிகிற அடுப்பில் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

"நீங்க வண்டிய ஓட்டல தம்பி, உருட்டுறீங்க" என்றார் அண்ணன். ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிக் கொடுத்து, "வாரத்துக்கு ஒரு தடவ ஹைவேஸ்ல விடுங்க. நாலாவது கியர், அஞ்சாவது கியர், ரெண்டாயிரத்துக்குக் கீழ இறங்காம. அவ்வளவுதான் வைத்தியம்" என்று அனுப்பினார்.

முதலில் குறுக்குவழி தேடினேன். தல்லாகுளத்தில் ஏறிச் செட்டிகுளத்தில் இறங்குகிற நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலத்தை 2023 ஏப்ரலில் திறந்தபோது, சிக்னலே இல்லாத ரோடு, நமக்கு இது போதும் என்று நினைத்தேன். 7.3 கிலோமீட்டர். இன்ஜின் சூடேறி முடிப்பதற்குள் பாலம் முடிந்துவிடுகிறது. கடைசியில் நான்குவழிச் சாலைதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருமங்கலம் தாண்டி விருதுநகர் வரை. போக வர நூறு கிலோமீட்டர் பக்கம் வரும். எண்பது தொண்ணூறில் ஒரே சீராக விட்டால் போதும், விரட்ட வேண்டியதில்லை. போன இடத்தில் எண்ணெய் புரோட்டா. வண்டியில் கரி குறைகிறது, எனக்குக் கொழுப்பு ஏறுகிறது. டோல் காசையும் புரோட்டா காசையும் வண்டிப் பராமரிப்புக் கணக்கில்தான் எழுதுகிறேன், வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அந்த மஞ்சள் விளக்கு ஒரே ஒரு முறைதான் வந்தது, அதுவும் விருதுநகர் போய் வருவதற்குள் அணைந்துவிட்டது.

ஊருக்குள்ளும் கியர் போடுகிற பழக்கத்தை மாற்றினேன். இந்த இன்ஜினில் டர்போ விழிப்பது 1,700 பக்கம். அதற்குக் கீழே வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை அமுக்கினால், பாரம் முழுக்க மெதுவாகச் சுற்றுகிற கிராங்க்கின் (இன்ஜினின் முக்கிய அச்சு) தலையில் விழும். கரியும் அதிகம் சேரும். இப்போது 2,000 தொட்ட பிறகே கியர் ஏற்றுகிறேன், மேம்பாலம் வந்தால் முன்கூட்டியே தேர்டுக்கு இறக்கிவிடுகிறேன். நடுக்கம் போயே போச்சு. மைலேஜ் பாதியாகிவிடும் என்று பயந்தேன். ஊருக்குள் முன்பும் லிட்டருக்கு 14 கிலோமீட்டர், இப்போதும் ஏறக்குறைய 14. ஹைவேஸில் 20.

நடுவில் எதிர்ப்பக்கமும் சாய்ந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். விரட்டினால் இன்ஜினுக்கு நல்லது என்ற ஞானம் வந்த புதிதில், காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் செய்ததும் தெருமுனையிலேயே 3,500 வரை ஏற்றுவேன். அண்ணனிடம் அதற்கும் வசவு. டேஷ்போர்டில் சூடு காட்டுகிற முள், இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் திரவத்தின் சூட்டைத்தான் காட்டுகிறது. ஆயில் சூடாக அதைவிட நேரமாகும். அதனால் முதல் பத்து நிமிடம் மெதுவாக, அப்புறம்தான் மிதி. மலை ஏறி முடித்ததும் பட்டென்று அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விட வேண்டும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற டர்போவுக்கு ஆயில்தான் உயிர். என் மச்சான் இது எதையும் கேட்கமாட்டார். சிக்னலுக்குச் சிக்னல் சீறிப் பாய்ந்து, கிளட்ச் மேலேயே கால் வைத்து ஓட்டுவார். 45,000-இல் கிளட்ச் மாற்றினார். என் வண்டியில் இன்னும் முதல் கிளட்ச்தான்.

இப்போது கேட்டால், தினம் ஏழு கிலோமீட்டர் போகிறவர் டீசலே வாங்கியிருக்கக் கூடாது. பெட்ரோல் போதும். எனக்கு அதை வாங்கும்போது யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் இந்த வண்டியை விற்க இப்போது மனசு வரவில்லை. காரணம் சிறுமலை.

திண்டுக்கல் தாண்டி 18 கொண்டை ஊசி வளைவு. முன்பெல்லாம் தேர்டிலேயே இழுத்து, வளைவில் திணறி, கடைசி நொடியில் செகண்டுக்கு மாற்றிக் குலுங்கி ஏறுவேன். இப்போது வளைவுக்கு முன்பே பிரேக், முன்பே செகண்ட், திரும்பும்போது மெல்ல மிதி. 2,000-க்கும் 3,000-க்கும் நடுவில் இன்ஜின் அடித்தொண்டையில் ஒரு சத்தம் போடும். பாட்டை அணைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டே ஏறுவேன். இந்த வண்டியில் இப்படி ஒன்று இருக்கிறது என்று முதல் இரண்டு வருஷம் எனக்குத் தெரியவே தெரியாது.

போன மாதம் அப்பாவையும் கூட்டிப் போனேன். மலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு இறங்கும்போது அவர் கை கியர் பக்கம் நீண்டது. "நியூட்ரல்ல விடுடா, டீசல் மிச்சம்."

"நியூட்ரல்ல விட்டா இன்ஜின் ஓட டீசல் குடிக்கும்ப்பா. கியர்லயே வெச்சுக்கிட்டு ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்தா டீசலே போகாது. பிரேக்கும் சூடாகாது" என்றேன்.

நம்பவில்லை. மீட்டரில் அப்போதைய மைலேஜைக் காட்டினேன். செகண்டில் இறங்கிக்கொண்டிருந்தோம். 99.9 என்று நின்றது. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தார். அடிவாரம் வரும்வரை நிமிரவே இல்லை.