காரை விற்றுவிட்டுப் பேர் மாற்ற அலைகிறவர்களுக்கு: கோபியில் ஒரு ஏஜென்ட் கடை

ஆடி முடிந்த கையோடு என் ஆல்டோவை நம்பியூர்ப் பக்கம் ஒரு தறிக்காரருக்கு விற்றேன், புரோக்கர் யாரும் இல்லை, நேரடி வியாபாரம். பேர் மாற்றும் வேலையை மட்டும் கோபியில் (கோபிசெட்டிபாளையம்) ஒரு சின்ன ஏஜென்ட் கடையில் கொடுத்தேன். கூலி 1,500 ரூபாய், அரசுக் கட்டணம் தனி, கட்டின ரசீதைக் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள்.

முன்னால் பைக் விற்றபோது பட்டது இருக்கிறது. வாங்கினவர் கேட்டார் என்று பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் எதையும் நிரப்பாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் பேர் மாற்றாமலே இன்னொருவருக்குத் தள்ளிவிட, ஒன்றரை வருடம் கழித்து யாரோ ஹெல்மெட் போடாததற்கு அபராதம் என் போனுக்கு வந்தது. அபராதம் போகட்டும், விபத்து நடந்திருந்தால்? ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்றிதழில்) யார் பேர் இருக்கிறதோ அவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதை நினைத்துப் பல ராத்திரி தூக்கம் போயிருக்கிறது.

இந்தக் கடை அண்ணன் வெற்றுப் படிவத்தை நீட்டவே இல்லை. வாங்குகிறவர் பேர், முகவரி, தேதி எல்லாம் எழுதி, மிச்சமிருந்த இடத்தில் கோடு இழுத்த பிறகுதான் பேனாவைக் கொடுத்தார். வண்டியை ஒப்படைத்ததற்கு எழுதும் டெலிவரி நோட்டில் தேதி மட்டும் இல்லை, காலை 11.40, 68,214 கிலோமீட்டர் என்று மீட்டரைப் பார்த்து எழுதினார். நான் சாவியை எடுத்ததும், "ஏனுங்க தம்பி, சாவிக்கு என்ன அவசரம், மொதல்ல அவருகிட்டக் கையெழுத்து வாங்குங்க" என்றார். லோன் அடைத்து மூன்று வருடமாகியும் ஆர்சியில் பேங்க் பேர் அப்படியே கிடந்ததை விலை பேசும்போதே கண்டுபிடித்ததும் அவர்தான், பேங்க் போய் என்ஓசியும் (தடையில்லாச் சான்று), லோன் பேரை ஆர்சியிலிருந்து நீக்குவதற்கான படிவம் 35ம் வாங்கி வரச் சொன்னார். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், இவர் மூன்றாம் நாளே கொடுத்து முத்திரை விழுந்த நகலை என்னிடம் தந்துவிட்டார்.

குறை என்றால், ஆர்டிஓ வேலையைத் தாண்டி வாயே திறப்பதில்லை. ஃபாஸ்டேக்கை நானும் மறந்துவிட்டேன். ஒன்பதாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விஜயமங்கலம் டோலில் பணம் பிடித்ததாக மெசேஜ் வந்தது, சோற்றுக் கையோடு பேங்குக்குப் போன் செய்து மூடச் சொன்னேன். இன்சூரன்ஸும் அப்படித்தான். வாங்கினவர் 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதித் தன் பேருக்கு மாற்ற வேண்டும், ஆனால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) விற்றவருடையது, கடிதம் வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் அடுத்த காருக்கு வைத்துக்கொள்ளலாம். எனக்கு இதைச் சொன்னது மச்சான்.

23ம் நாள் அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டேன், புதுப் பேர் வந்திருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து டெலிவரி நோட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன். போகிறவர்கள் வாங்குகிறவரையும் கூட்டிக்கொண்டே போங்கள், ஒருத்தர் மட்டும் போனால் அந்த அண்ணன் திருப்பி அனுப்பிவிடுவார்.